டர்போ பெட்ரோல் கார்: இன்ஜின் வேலை முடிந்து வந்தபின் ஐடிலிங் சரியில்லையா?

ஹெட் கேஸ்கெட் மாற்றியாயிற்று. இல்லை டைமிங் செயின், இல்லை டர்போவையே கழற்றி வேறு போட்டாயிற்று. வண்டி ஸ்டார்ட் ஆகிறது, ஓடுகிறது, மிதித்தால் இழுக்கவும் செய்கிறது. ஆனால் சிக்னலில் நின்றால் ஆர்பிஎம் முள் ஓரிடத்தில் நிற்பதில்லை. சில நேரம் ஆஃப் ஆகிறது, சில நேரம் ஸ்டியரிங் வரை உதறுகிறது. பட்டறையில் கேட்டால் "ஓட்ட ஓட்ட செட் ஆயிடும் சார்" என்று பதில் வரும். ஓட்ட ஓட்டச் சரியாகிற விஷயம் ஒன்று உண்டு. மற்றவை எத்தனை கிலோமீட்டர் ஓட்டினாலும் அப்படியேதான் இருக்கும்.

எல்லோரும் முதலில் சந்தேகப்படுவது டர்போவைத்தான். ஐடிலிங்கில், அதாவது வண்டி நின்று இன்ஜின் மட்டும் ஓடும்போது, டர்போ பெயருக்குச் சுற்றுகிறதே தவிர பூஸ்ட் (காற்றை அழுத்தித் தள்ளுதல்) எதுவும் தருவதில்லை. டர்போ கெட்டுப்போனால் மிதிக்கும்போது தெரியும், புகையில் தெரியும். நிற்கும்போது ஆர்பிஎம் ஆடுவதற்கு அது காரணமாக இருப்பது அபூர்வம். டர்போவுக்காக வண்டியில் கூடுதலாகச் சேர்ந்திருக்கும் ஹோஸ்கள், கிளாம்ப்கள், ஒருவழி வால்வுகள் ஆகியவைதான் உண்மையான சந்தேக நபர்கள். வேலைக்கு முன் ஒழுங்காக நின்ற வண்டி என்றால், வேலையின்போது கைபட்ட இடத்தில் தேடுவதுதான் முறை. அதற்கு முன் சென்சார், காயில், இன்ஜெக்டர் என்று ஒவ்வொன்றாக வாங்கிப் போட்டுப் பார்ப்பது பர்ஸுக்குத்தான் கேடு.

இங்கே சொல்வது பெட்ரோல் டர்போவுக்கு மட்டும். டீசலில் ஐடிலிங் சிக்கல்களின் வேர் வேறு.

காற்று போகும் வழியைத் தெரிந்துகொள்ளுங்கள்

இதைப் புரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. காற்று மூன்று பகுதிகளைத் தாண்டி உள்ளே போகிறது. ஏர் ஃபில்டர் பெட்டியிலிருந்து டர்போவின் வாய் வரை முதல் பகுதி. இங்கே எப்போதும் லேசான உறிஞ்சல் இருக்கும். டர்போவிலிருந்து இன்டர்கூலர் (அழுத்திய காற்றைக் குளிர்விப்பது) வழியாக த்ராட்டில் (காற்றின் அளவைக் கட்டுப்படுத்தும் கதவு) வரை இரண்டாவது. ஐடிலிங்கில் இங்கே கிட்டத்தட்ட வெளிக்காற்றின் அழுத்தம், மிதித்தால் பூஸ்ட். த்ராட்டிலைத் தாண்டி, சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்துவிடும் இன்டேக் மேனிஃபோல்ட் மூன்றாவது. ஐடிலிங்கில் இங்கே பலமான வேக்கம் (உறிஞ்சல்), மிதித்தால் இங்கேயும் பூஸ்ட்.

எனவே மூன்றாவது பகுதியில் ஓட்டை இருந்தால் ஐடிலிங்கில் வெளிக்காற்றை உள்ளே இழுக்கும், மிதிக்கும்போது அதே ஓட்டை வழியாகக் காற்று வெளியே போகும். இரண்டாவது பகுதியில் சிறு ஓட்டை இருந்தால் ஐடிலிங்கில் பெரிதாக ஒன்றும் தெரியாது. ஏற்றத்தில் இழுவை குறையும். நிற்கும்போது மட்டும் சிக்கல், ஓடும்போது நல்ல இழுவை என்றால் இன்டர்கூலர் ஹோஸை விட்டுவிட்டு மேனிஃபோல்ட் பக்கம் போங்கள்.

அடுத்தது, உங்கள் வண்டி காற்றை எப்படி அளக்கிறது என்பது. ஃபில்டர் பெட்டியை ஒட்டிய குழாயில் கனெக்டரோடு ஒரு சென்சார் இருந்தால் அது பெரும்பாலும் மாஃப் சென்சார். உள்ளே போகும் காற்றின் எடையை நேராக அளக்கிறது. சில வண்டிகளில் அந்த இடத்தில் வெறும் வெப்பநிலை சென்சார்தான் இருக்கும். அவை மேனிஃபோல்டில் இருக்கும் மேப் சென்சாரின் அழுத்தத்தை வைத்துக் காற்றைக் கணக்குப் போடுபவை.

இந்த வித்தியாசம் முக்கியம். மாஃப் வண்டியில் த்ராட்டிலுக்குப் பின்னால் காற்று புகுந்தால் அது மாஃபைத் தாண்டி வரவில்லை; ஈசியூவின் (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர்) கணக்கில் இல்லாத காற்று. பெட்ரோல் போதாமல் கலவை லீன் ஆகும், இன்ஜின் தடுமாறும். மேப் வண்டியில் அதே காற்று மேனிஃபோல்ட் அழுத்தத்தை ஏற்றுவதால் கணக்கில் சேர்ந்துவிடும், அதற்கேற்ற பெட்ரோலும் போகும். விளைவு, இன்ஜின் தடுமாறாமல் ஆர்பிஎம் மட்டும் உயரும். ஒரே ஓட்டை, இரண்டு வண்டிகளில் இரண்டு விதமாகப் பேசும். நண்பர் வண்டியில் சரியான வைத்தியம் உங்கள் வண்டியில் பலிக்காததற்குப் பல நேரம் இதுதான் காரணம்.

ஸ்கேனரை மாட்டும் முன்

இன்ஜினை அணைத்து, ஆறவிட்டு, பானெட்டைத் திறந்து கையால் தடவிப் பாருங்கள். கண்ணை விடக் கை நம்பகமானது. ஒவ்வொரு சின்ன வேக்கம் ஹோஸையும் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை தொடருங்கள். மேனிஃபோல்டுக்குப் பின்னால், ஃபயர்வால் (இன்ஜினுக்கும் கேபினுக்கும் நடுவே உள்ள தடுப்பு) பக்கம் இருப்பவைதான் மாட்டாமல் விடுபடும். சூட்டில் காய்ந்த பழைய ரப்பர் கழற்றும்போது அடிப்பக்கம் கீறியிருக்கும், மேலே பார்த்தால் முழுசாகத் தெரியும். கிளாம்ப் குழாயின் விளிம்பைத் தாண்டி உட்கார்ந்திருக்கிறதா என்று பாருங்கள். முனையில் ஆயில் பட்டிருந்தால் எவ்வளவு முடுக்கினாலும் நழுவும். துடைத்துவிட்டு மாட்ட வேண்டும்.

ஆயில் மூடியும் டிப்ஸ்டிக்கும் ஒழுங்காக உட்கார்ந்திருக்க வேண்டும். இதை நிறையப் பேர் பொருட்படுத்துவதில்லை. கிராங்க்கேஸ் (இன்ஜினின் அடிப்பகுதி) காற்று மேனிஃபோல்டுக்குள் போவதால், டிப்ஸ்டிக் ஓ-ரிங் போனாலே பல டர்போ இன்ஜின்களில் ஐடிலிங் தடுமாறும்.

அப்புறம் எர்த் வயர். இன்ஜினையோ கியர்பாக்ஸையோ இறக்கிய வண்டியில், கியர்பாக்ஸிலிருந்து பாடிக்குப் போகும் தடிமனான எர்த் பட்டையை மறந்துவிடுவதும் பெயின்ட் மேல் போல்ட் போடுவதும் சகஜம். மல்டிமீட்டரில் ஒரு முனை பேட்டரியின் மைனஸில், மறுமுனை இன்ஜின் பிளாக்கில் வைத்து ஒருவரை ஸ்டார்ட் அடிக்கச் சொல்லுங்கள். 0.2 வோல்ட்டுக்குள் இருந்தால் நல்லது. அரை வோல்ட்டைத் தாண்டினால் எர்த்தைச் சரிசெய்யாமல் அடுத்த படிக்குப் போகாதீர்கள்; சென்சார்கள் சொல்லும் எண் எதையும் நம்ப முடியாது.

வேலையின்போது பேட்டரி கழற்றப்பட்டிருக்கும். த்ராட்டில் எங்கே மூடுகிறது, கலவையை எவ்வளவு திருத்த வேண்டும் என்று ஈசியூ கற்று வைத்திருந்தது அழிந்திருக்கலாம். த்ராட்டில் பாடியைச் சுத்தம் செய்திருந்தாலும் பழைய கற்றல் செல்லாது. சில வண்டிகளில் ஆக்ஸிலரேட்டரைத் தொடாமல் இக்னிஷனை ஆன் செய்து சிறிது நேரம் விட்டாலே த்ராட்டில் தன்னைத் தானே அளந்துகொள்ளும். வேறு சிலவற்றில் ஸ்கேனர் வழியாக அடாப்டேஷன் (புதிதாகக் கற்றுக்கொடுத்தல்) செய்துதான் ஆக வேண்டும். "ஓட்ட ஓட்ட செட் ஆகும்" என்பது இந்த ஒரு விஷயத்துக்குத்தான் பொருந்தும். நன்றாகச் சூடேற்றி, ஊருக்குள்ளும் நெடுஞ்சாலையிலும் ஓட்டி, ஏசி போட்டும் போடாமலும் சிறிது நேரம் நிறுத்திப் பார்த்தும் மாறவில்லை என்றால் அது கற்றல் சிக்கல் இல்லை.

ஸ்கேனரில் பார்க்க வேண்டிய எண்கள்

வண்டியின் கோளாறு படிக்கும் சாதாரண ப்ளூடூத் ஓபிடி கருவியும் போனும் போதும். கோடு (பி0171 போன்ற கோளாறுக் குறியீடு) மட்டும் படித்துவிட்டு அழித்துவிடாதீர்கள். லைவ் டேட்டா பாருங்கள். கோடு விளைவைச் சொல்லும், காரணத்தைச் சொல்லாது. பி0171 வந்தால் கலவை லீன் என்றுதான் பொருள், ஆக்ஸிஜன் சென்சார் கெட்டது என்று பொருளில்லை.

முதலில் இன்ஜின் ஓடாமல் இக்னிஷன் மட்டும் ஆன். மேப் சென்சார் வெளிக்காற்றின் அழுத்தத்தைக் காட்ட வேண்டும்: சென்னையில் 100 கிலோபாஸ்கலை ஒட்டி, ஊட்டியில் 77-ஐ ஒட்டி. சம்பந்தமில்லாத எண் வந்தால் அந்த சென்சார் அல்லது அதன் கனெக்டர். இரவெல்லாம் நின்ற வண்டியில் கூலன்ட் வெப்பநிலையும் உள்ளே வரும் காற்றின் வெப்பநிலையும் கிட்டத்தட்ட ஒன்றாக இருக்க வேண்டும்.

பிறகு ஸ்டார்ட் செய்து நன்றாகச் சூடாக்கி, ஏசியை அணைத்துவிட்டுப் பாருங்கள். ஆரோக்கியமான இன்ஜினில் ஐடிலிங்கில் மேப் 30 முதல் 40 கிலோபாஸ்கலுக்குள் நிற்கும். மாஃப் உள்ள 1.8, 2.0 லிட்டர் இன்ஜின் வினாடிக்கு 2 முதல் 4 கிராம் காற்று இழுக்கும். சின்ன இன்ஜின் என்றால் அதைவிடக் குறைவு.

கடைசியாக ஃப்யூவல் ட்ரிம், அதாவது ஈசியூ பெட்ரோலை எத்தனை சதவீதம் கூட்டுகிறது (பிளஸ்) அல்லது குறைக்கிறது (மைனஸ்) என்பது. ஷார்ட் டெர்ம், லாங் டெர்ம் இரண்டையும் கூட்டி ஐடிலிங்கில் ஒருமுறை, 2,500 ஆர்பிஎம்மில் பிடித்துவைத்து ஒருமுறை எழுதிக்கொள்ளுங்கள். இரண்டிலும் 5 சதவீதத்துக்குள் என்றால் கலவையில் குறை இல்லை. 10-ஐத் தாண்டினால் காரணம் தேட வேண்டும். ஐடிலிங்கில் பிளஸ் 20, 2,500-ல் பிளஸ் 4 என்றால் த்ராட்டிலுக்குப் பின்னால் காற்று புகுகிறது. ஐடிலிங்கில் மொத்தக் காற்றே குறைவு என்பதால் ஓட்டையின் பங்கு பெரிதாகத் தெரிகிறது, ஆர்பிஎம் ஏறினால் அது கரைந்துவிடுகிறது. இரண்டிலும் பிளஸ், அழுத்த அழுத்த மோசம் என்றால் பெட்ரோல் போதவில்லை அல்லது மாஃப் குறைத்துச் சொல்கிறது. ஐடிலிங்கில் மைனஸ் என்றால் எங்கிருந்தோ கூடுதல் பெட்ரோல் வருகிறது.

ஆர்பிஎம் ஏறி இறங்கி ஆடுகிறது

வேலை முடிந்து வரும் டர்போ வண்டிகளில் அதிகம் கேட்கும் புகார் இதுதான். கணக்கில் வராத காற்று புகும்போது கலவை லீன் ஆகி ஆர்பிஎம் விழுகிறது. ஈசியூ த்ராட்டிலைத் திறந்து தூக்குகிறது. தூக்கியது அதிகமாகி மறுபடி இறக்குகிறது. ஓட்டை பெரிதாக இருந்தால் இன்னொரு விதமாகவும் ஆடும். ஆக்ஸிலரேட்டரில் கால் இல்லை, ஆனால் ஆர்பிஎம் உயரமாக இருக்கிறது என்பதால், வண்டி இறக்கத்தில் உருள்கிறது என்று ஈசியூ நினைத்துப் பெட்ரோலை வெட்டும். ஆர்பிஎம் விழுந்ததும் திரும்பத் தரும். இது 1,000-க்கும் 1,500-க்கும் இடையில் அலையலையாக, கிட்டத்தட்ட தாளம் தப்பாமல் நடக்கும்.

ட்ரிம் பிளஸ் காட்டுகிறது என்றால் தேட வேண்டிய இடங்களை நான் போகும் வரிசையில் சொல்கிறேன்.

மேனிஃபோல்ட் கேஸ்கெட்டும் த்ராட்டில் பாடி கேஸ்கெட்டும் முதலில். ஹெட் இறக்கிய வண்டியில் இரண்டும் கழற்றப்பட்டிருக்கும். பழைய கேஸ்கெட்டையே திரும்பப் போட்டார்களா, மடிந்து உட்கார்ந்ததா, பிளாஸ்டிக் மேனிஃபோல்டை ஒரு பக்கமாக முறுக்கினார்களா என்று கேளுங்கள். பெட்ரோலை மேனிஃபோல்ட் பக்கம் பீய்ச்சும் போர்ட் இன்ஜெக்‌ஷன் வண்டியில் இன்ஜெக்டரின் கீழ் ஓ-ரிங்கையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அது கிழிந்தால் பெட்ரோல் கசியாது, காற்று மட்டும் புகும். அதனால் யாருடைய கண்ணிலும் படாது.

அடுத்து பிசிவி, அதாவது கிராங்க்கேஸ் புகையை வெளியேற்றும் அமைப்பு. டர்போ இன்ஜினில் கிராங்க்கேஸ் புகைக்கு இரண்டு வழி உண்டு. ஐடிலிங்கில் மேனிஃபோல்டுக்கு, பூஸ்டில் டர்போவின் வாய்க்கு. நடுவில் ஒருவழி வால்வுகள். வால்வைத் தலைகீழாக மாட்டினாலோ, உள்ளே இருக்கும் டயாஃப்ரம் கிழிந்தாலோ மேனிஃபோல்டின் முழு வேக்கமும் கிராங்க்கேஸுக்குப் போய்விடும். இன்ஜின் ஓடும்போது ஆயில் மூடியைத் திறக்கப் பாருங்கள். விடாமல் உள்ளே இழுத்துப் பிடித்தாலும், திறந்ததும் எங்கேயோ கேட்ட விசில் நின்றாலும் பிசிவிதான். ஃபோக்ஸ்வேகன், ஸ்கோடா 1.8, 2.0 டிஎஸ்ஐ இன்ஜின்களில் இந்த டயாஃப்ரம் கிழிவது பெயர்போன சங்கதி. ஹெட் வேலை செய்யும்போது அதையும் மாற்றிவிடுவது புத்திசாலித்தனம்.

பெட்ரோல் டேங்க் ஆவியை மேனிஃபோல்டுக்கு விடும் பர்ஜ் வால்வு திறந்தபடி சிக்கினாலும் இதே ஆட்டம்தான். மேனிஃபோல்டுக்குப் போகும் ஹோஸை வால்விலிருந்து கழற்றி, அந்த ஹோஸை விரலால் அடையுங்கள். ஐடிலிங் ஆடாமல் நிலைத்தால் வால்வுதான் கோளாறு. பங்க்கில் டேங்க் நிரப்பியதும் வண்டி தடுமாறுகிறது என்பது இதன் இன்னொரு அடையாளம்.

காலை எடுக்கும்போது மிச்ச பூஸ்டைத் திருப்பிவிடும் டைவர்டர் வால்வின் கட்டுப்பாட்டு ஹோஸ் மேனிஃபோல்டிலிருந்து வருகிறது. வேக்கத்தில் இயங்கும் பழைய வகையில் டயாஃப்ரம் கிழிந்தால் அதுவே ஒரு வேக்கம் லீக். ஹோஸைக் கழற்றி வாயால் உறிஞ்சிப் பாருங்கள், பிடித்து நிற்க வேண்டும்.

பிரேக் பூஸ்டர் ஹோஸை மறக்காதீர்கள். பிரேக் பெடல் கட்டையாக இருந்தால் இங்கேதான் ஆரம்பிக்க வேண்டும்.

ஓட்டையைக் கண்டுபிடிக்க கார்ப் கிளீனரைப் பீய்ச்சும் பழக்கம் பட்டறைகளில் உண்டு. டர்போ வண்டியில் அது வேண்டவே வேண்டாம். டர்பைன் கூடு பக்கத்திலேயே கொதித்துக்கொண்டிருக்கிறது, தீப்பிடிக்கும். ஸ்ப்ரே பாட்டிலில் சோப்புத் தண்ணீர் வைத்து, சூடான எக்ஸாஸ்ட் பக்கத்தையும் கனெக்டர்களையும் விட்டு மற்ற இடங்களில் மெல்லத் தெளித்தாலே போதும். ஓட்டை தண்ணீரை உறிஞ்சும்போது ஆர்பிஎம் மாறுவதும், சத்தம் ஒரு கணம் அடங்குவதும் தெரியும்.

அதைவிட உறுதியானது புகைச் சோதனை. ஸ்மோக் மெஷின் இல்லாத ஊரில், ஹார்ட்வேர் கடையில் குழாய் அளவுக்கு ஒரு பிவிசி எண்ட் கேப் வாங்கி, பங்க்சர் கடையில் கிடைக்கும் டியூப்லெஸ் வால்வை அதில் பதித்து, டர்போவின் வாய்க் குழாயில் மாட்டி, இன்ஜின் ஓடாத நிலையில் சைக்கிள் பம்பில் காற்றடிக்கலாம். 0.2, 0.3 பார் போதும். பிசிவி வழியாக அழுத்தம் கிராங்க்கேஸுக்கும் போகும் என்பதால் கம்ப்ரஸரை நேராக மாட்டினால் ஆயில் சீல் போய்விடும். சைலன்ஸர் பக்கம் லேசாக உஸ் என்று வந்தால் பயப்பட வேண்டாம், திறந்திருக்கும் வால்வு வழியாக வருவது அது. வேறு எங்கே சத்தம் வந்தாலும் சோப்புத் தண்ணீர் காட்டிக்கொடுக்கும். த்ராட்டில் மூடியிருந்தால் மேனிஃபோல்டுக்குக் காற்று போகாது. அந்தப் பக்கத்தைச் சோதிக்க பிரேக் பூஸ்டர் ஹோஸ் மாட்டும் துளை வழியாக அடிக்கலாம்.

எல்லாம் இறுக்கமாக இருந்தும் ட்ரிம் பிளஸ்ஸில் நிற்கிறதா? எக்ஸாஸ்ட் பக்கம் பாருங்கள். முன் ஆக்ஸிஜன் சென்சாருக்கு முன்னால் எக்ஸாஸ்ட் லீக் இருந்தால் துடிப்புக்குத் துடிப்பு வெளிக்காற்றை உள்ளே இழுக்கும். சென்சார் அதை லீன் என்று படித்துவிடும், ஈசியூ பெட்ரோலைக் கூட்டும். உண்மையில் இன்ஜின் ரிச்சாக (பெட்ரோல் கூடுதலாக) ஓடிக்கொண்டிருக்கும். குளிர்ந்த இன்ஜினில் டிக் டிக் என்று கேட்டு, சூடானதும் மறைந்தால் டர்போ ஃப்ளாஞ்ச் அல்லது எக்ஸாஸ்ட் மேனிஃபோல்ட் கேஸ்கெட்.

1,200-க்குக் கீழே வருவதே இல்லை

ஆடவில்லை, உயரத்தில் நிலையாக நிற்கிறது. பி0507 (ஐடிலிங் ஆர்பிஎம் அதிகம்) வரலாம். இதற்கு ஒரே ஒரு கேள்வி போதும்: ஸ்கேனரில் த்ராட்டில் திறப்பு எவ்வளவு? முடிந்தவரை மூடியிருந்தும் ஆர்பிஎம் உயரம் என்றால் காற்று வேறு வழியில் வருகிறது. மேலே சொன்ன தேடல்தான், மேப் வண்டியில் குறிப்பாக. த்ராட்டில் வழக்கத்தைவிடத் திறந்திருந்தால் ஈசியூவே வேண்டுமென்று உயர்த்துகிறது. ஏன் என்று பாருங்கள். கூலன்ட் சென்சார் கனெக்டர் மாட்டவில்லை, அல்லது கூலன்ட் நிரப்பியபின் ஏர்லாக் ஆகி சென்சார் காற்றில் நிற்கிறது, அதனால் இன்ஜின் இன்னும் குளிர்ந்திருக்கிறது என்று நினைக்கிறது. ஆல்டர்னேட்டர் சார்ஜ் போதவில்லை என்றாலும் ஐடிலிங்கை உயர்த்தும். கேபிள் த்ராட்டில் உள்ள பழைய வண்டியில் கேபிள் இழுப்பாக மாட்டப்பட்டிருக்கலாம்.

காலையில் முதல் ஸ்டார்ட்டில் சிறிது நேரம் 1,100, 1,200-ல் நிற்பது கோளாறு இல்லை. கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைச் சூடாக்க வண்டி வேண்டுமென்றே செய்வது.

நிற்கும்போது உதறுகிறது

முள்ளைப் பாருங்கள். முள் அசையாமல் நின்று, கேபின் மட்டும் அதிர்ந்தால் இன்ஜின் மவுன்டைப் பாருங்கள். இன்ஜினை ஏற்றும்போது மவுன்டை முறுக்கிய நிலையில் டைட் செய்தால் அப்படி இருக்கும். போல்ட்டுகளைத் தளர்த்தி, இன்ஜினை உலுக்கி, அதன் இடத்தில் உட்கார விட்டு மறுபடி டைட் செய்தால் தீர்ந்தது.

முள்ளும் சேர்ந்து துடித்தால் மிஸ்ஸிங், அதாவது ஏதோ ஒரு சிலிண்டரில் பெட்ரோல் சரியாக எரியவில்லை. செக் இன்ஜின் லைட் சிமிட்டுகிறது என்றால் அந்த வண்டியை ஓட்டாதீர்கள். எரியாத பெட்ரோல் கன்வெர்ட்டருக்குள் போய் அதை உருக்கிவிடும். பி0302 என்றால் இரண்டாவது சிலிண்டர். அதன் இக்னிஷன் காயிலை மூன்றாவதோடு மாற்றிப் போட்டு மறுபடி படியுங்கள். பி0303 ஆனால் காயில். மாறாவிட்டால் பிளக்கை மாற்றிப் பாருங்கள். முடுக்கும்போது பீங்கான் விரிசல் விட்டிருக்கலாம். டர்போ பிளக்குக்கு இடைவெளி 0.7, 0.8 மில்லிமீட்டர் அளவில்தான். சாதாரண இன்ஜினுக்கு வைப்பதுபோல் அகலமாக வைத்தால் பூஸ்டில் மிஸ் ஆகும். காயில் அல்லது இன்ஜெக்டர் கனெக்டர்கள் இடம் மாறியிருந்தால் இரண்டு சிலிண்டர்கள் ஒன்றாக மிஸ் ஆகும், கூடவே வெடிச் சத்தமும் வரும். பெட்ரோலைச் சிலிண்டருக்குள்ளேயே பீய்ச்சும் டைரக்ட் இன்ஜெக்‌ஷன் வண்டியில் இன்ஜின் ஓடும்போது இன்ஜெக்டர் கனெக்டரைப் பிடுங்கி சோதிக்கும் பழைய வித்தையைச் செய்யாதீர்கள். அங்கே 60 வோல்ட்டுக்கு மேல் ஓடுகிறது.

மின்சாரப் பக்கம் சுத்தம் என்றால் கம்ப்ரஷன். ஹெட்டை லேத்தில் கொடுத்து வால்வ் சீட் வெட்டியிருந்தால் வால்வின் தண்டு மேலே ஏறியிருக்கும். வால்வ் இடைவெளியைக் கையால் வைக்க வேண்டிய ஷிம் அல்லது பக்கெட் வகை இன்ஜினில் அதற்கேற்ப இடைவெளியை வைக்காவிட்டால் சூடானதும் வால்வு முழுக்க மூடாது. குளிரில் நன்றாக நின்று, சூடேறியதும் ஐடிலிங்கில் மட்டும் ஒரு சிலிண்டர் மிஸ். ஆர்பிஎம் ஏற்றினால் மறைந்துவிடும். காயிலையும் இன்ஜெக்டரையும் மாற்றி மாற்றிப் பணத்தைக் கரைக்க வைக்கும் கோளாறு இது. ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) எடுத்து ஒருமுறை அளந்தால் தெரிந்துவிடும்.

நிற்க வரும்போது ஆஃப் ஆகிறது

நின்றபின் சரி, ஆனால் வேகத்திலிருந்து கிளட்ச் மிதித்து வரும்போது ஆர்பிஎம் விழுந்து அணைந்துவிடும். மாஃப் வண்டியில், காற்றை வெளியே விடும் புளோ-ஆஃப் வால்வை யாராவது ஆசைக்கு மாட்டியிருந்தால் அதுதான். மாஃப் அளந்த காற்று வெளியே போகிறது, அதற்கான பெட்ரோல் மட்டும் உள்ளே போகிறது. ரிச் ஆகி அணைகிறது. கம்பெனி மாட்டிய டைவர்டர் வால்வு அந்தக் காற்றைத் திரும்ப டர்போவின் வாய்க்கே விடும். அந்தத் திரும்பும் ஹோஸ் கழன்றிருந்தாலும் இதே கதை. மற்றபடி அழுக்கு த்ராட்டில் பாடி, அடாப்டேஷன் ஆகாத த்ராட்டில்.

ஸ்டார்ட் ஆகி இரண்டு வினாடியில் அணைகிறது

மாஃப் வண்டியில் மாஃபுக்குப் பின்னால் ஒரு பெரிய ஹோஸ் முழுதாகக் கழன்றிருக்கிறது. வேறெதையும் யோசிக்கும் முன் அதைப் பாருங்கள். மாஃப் கூட்டின் மேல் இருக்கும் அம்புக்குறி இன்ஜின் பக்கம் பார்க்க வேண்டும். மாஃப் கனெக்டரைக் கழற்றிவிட்டு ஸ்டார்ட் செய்தால் ஓடுகிறதா? அப்போது காற்றை அளக்கும் பக்கத்தில்தான் சிக்கல், ஆனால் மாஃப்தான் கெட்டது என்று அதனால் முடிவாகாது. மேப் வண்டியில் இன்டர்கூலர் ஹோஸ் கழன்றாலும் ஐடிலிங் சமாளித்துவிடும், இழுவைதான் இருக்காது. அங்கே இந்தப் புகார் வந்தால் பெட்ரோல் அழுத்தத்தையும் இம்மொபிலைஸரையும் பாருங்கள்.

ட்ரிம் சரி, கோடு இல்லை, வண்டியில் மட்டும் உயிர் இல்லை

ஐடிலிங் லேசாகக் கரகரப்பு, கீழ் ஆர்பிஎம்மில் இழுவை மந்தம். ட்ரிம் ஒழுங்காக இருக்கிறது. ஆனால் மேப் 30, 40-ல் நிற்காமல் 50 பக்கம் நிற்கிறது. டைமிங்கைப் பாருங்கள். கேம் (வால்வுகளைத் திறக்கும் தண்டு) ஒரு பல் தள்ளியிருந்தால் வால்வு தப்பான நேரத்தில் மூடுவதால் வேக்கம் உருவாகாது. கம்ப்ரஷன் எடுத்தால் எல்லாச் சிலிண்டரிலும் ஒரே மாதிரிக் குறைவாக வரும். ஒன்றில் மட்டும் குறைந்தால் அது வேறு கதை. பி0016 (கேமும் கிராங்க்கும் ஒத்துப்போகவில்லை) வந்தால் ஏறத்தாழ உறுதி, ஆனால் ஒரு பல்லுக்கு அந்தக் கோடு எல்லா வண்டியிலும் வந்துவிடாது.

சரிபார்க்க ஸ்டார்ட்டரைப் பயன்படுத்தாமல் கிராங்க்கைக் கையால், ஓடும் திசையில் இரண்டு முழுச் சுற்று சுற்றி, புல்லிக் குறிகள் சேர்கின்றனவா என்று பாருங்கள். இங்கே பலர் ஏமாறும் ஒரு விஷயம் உண்டு. செயினில் இருக்கும் நிற இணைப்புகள் மாட்டும்போது மட்டும்தான் குறிகளோடு சேரும். இரண்டு சுற்றுக்குப் பின் அவை எங்கோ போயிருக்கும், அது தவறில்லை. ஸ்ப்ராக்கெட் குறிகள் சேர்ந்தால் போதும். சுற்றும்போது கட்டையாக இடித்தால் பலம் போடாதீர்கள், பிஸ்டன் வால்வைத் தொடுகிறது.

2012-க்கு முந்தைய 1.8, 2.0 டிஎஸ்ஐ இன்ஜின்களில் செயின் டென்ஷனர் தளர்ந்து பல் தாவுவது பரவலாகத் தெரிந்த பலவீனம். கியரில் போட்டுச் சரிவில் நிறுத்தி, இன்ஜின் பின்னோக்கிச் சுற்றினாலும் தாவும். மறைமலைநகரில் தயாரான ஈகோஸ்போர்ட்டின் 1.0 ஈகோபூஸ்டில் பெல்ட் ஆயிலுக்குள்ளேயே ஓடுகிறது; கிராங்க் புல்லி உராய்வுப் பிடியில் மட்டும் நிற்பதால், லாக்கிங் பின் இல்லாமல் போல்ட்டைத் தளர்த்தினால் டைமிங் அப்போதே போய்விட்டது. இந்த இன்ஜினை "மார்க் போட்டு மாத்திடலாம்" என்று சொல்கிற பட்டறையில் விடாதீர்கள்.

குறிகள் சரி, கோடு மட்டும் பி0011 அல்லது பி0012 (கேம் டைமிங் முந்துகிறது அல்லது பிந்துகிறது) என்றால், கேம் டைமிங்கை மாற்றும் ஆயில் வால்வான விவிடி சாலினாய்டைக் கழற்றி அதன் சல்லடையைப் பாருங்கள். சம்பிலும் வால்வ் கவரிலும் தாராளமாகப் பூசிய சிலிகான் பசை உள்பக்கம் பிதுங்கி, துண்டாகி ஆயிலில் மிதந்து அங்கேதான் போய்ச் சேரும். டர்போவுக்குப் போகும் ஆயில் குழாயும் அதே ஆயிலில்தான் வாழ்கிறது என்பதால் இதைத் தள்ளிப்போட வேண்டாம்.

ட்ரிம் மைனஸ், பெட்ரோல் வாடை

டிப்ஸ்டிக்கை முகர்ந்து பாருங்கள். பெட்ரோல் வாடை அடித்து, ஆயில் அளவும் ஏறியிருந்தால் ஹை பிரஷர் பம்ப் அல்லது ஒழுகும் இன்ஜெக்டர். அந்த ஆவி பிசிவி வழியாக மேனிஃபோல்டுக்குள் போய் ஐடிலிங்கைக் கெடுக்கிறது. காரணத்தைச் சரிசெய்தபின் ஆயிலையும் மாற்ற வேண்டும். டைரக்ட் இன்ஜெக்டரைக் கழற்றியிருந்தால் டெஃப்லான் சீல் புதிதாகப் போட்டு, அதற்கான கருவியில் அளவுக்குச் சுருக்கி மாட்டினார்களா என்று கேட்டுவிடுங்கள்.

நின்றால் நீலப் புகை

டர்போ மாற்றியபின் ஐடிலிங்கில் நீலப் புகை வந்தால் புது டர்போவைக் குறைசொல்லும் முன் ஆயில் திரும்பும் குழாயைக் கழற்றுங்கள். கேஸ்கெட் துளையை மறைத்திருக்கும், அல்லது பசை அடைத்திருக்கும், அல்லது குழாய் மடிந்திருக்கும். ஆயில் அழுத்தத்தோடு உள்ளே போகிறது, வெளியே தானாக ஒழுகித்தான் வர வேண்டும். வழி அடைந்தால் சீல் வழியாகத் தள்ளிக்கொண்டு வரும். பிசிவி அடைத்து கிராங்க்கேஸில் அழுத்தம் ஏறியிருந்தாலும் அதே விளைவு.

சரிசெய்தபின்

கோடுகளையும் பழைய ட்ரிம்மையும் அழித்து, த்ராட்டில் அடாப்டேஷன் செய்து, நன்றாக ஓட்டிவிட்டு அதே எண்களை மறுபடி எழுதுங்கள். ஐடிலிங்கில் மேப் 40-க்குள், ட்ரிம் இரண்டு இடத்திலும் 5-ஐ ஒட்டி, ஏசி போடும்போது ஒரு சின்னச் சரிவுக்குப் பின் ஆர்பிஎம் திரும்ப நிலைக்க வேண்டும். முள் நன்றாக நின்றும் லாங் டெர்ம் ட்ரிம் பிளஸ் 12-ல் இருந்தால் ஓட்டை இன்னும் இருக்கிறது. ஈசியூ அதை மூடி மறைத்துக்கொண்டிருக்கிறது. பட்டறையிலிருந்து வண்டியை எடுக்கும் முன்பே இதைப் பார்த்துவிட்டால் திரும்ப ஒருமுறை போக வேண்டியிருக்காது.